மேனகா மேல் ஒரு பிராது

விருத்தாசலம்
8.3.71

அன்புள்ள மாமாவுக்கு,

பாஞ்சாலை எழுதுவது. இங்கே நானும் நடராசன் அண்ணனும் சுகம். உங்களுக்குத் தொண்டைக்கட்டு விட்டதா? கொஞ்சம் மிளகு கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்றால் உங்கள் எண்ணெய்க் கப்பலில் அதற்கும் நெருப்புக் கூடாது என்பார்களோ என்னவோ.

உங்கள் கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க மேனகாதான். மேனகாவுக்குப் புதுச் சாயம் அடித்தோம், மேனகாவின் வயிற்றைக் கழுவினோம், மேனகா எந்த அலைக்கும் அசைய மாட்டாள். கடைசியில் ஒரே ஒரு வரி, 'உடம்பைப் பார்த்துக்கொள்.' இந்த ஒரு வரிக்காகவா தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் கையில் ஈரக் களிமண்ணோடு வாசலுக்கு ஓடினேன்? எண்ணெய்க் கப்பலுக்கு மேனகா என்று பெயர் வைத்தானே, அந்த பம்பாய் முதலாளியை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். தவம் செய்த முனிவரையே கெடுத்தவள் பெயர் அது. பம்பு பார்க்கும் தங்கராசு எம்மாத்திரம்?

பீங்கான் கம்பெனியில் என்னோடு பொம்மை அச்சில் வேலை செய்கிற ஆராயி நேற்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "ஏண்டி, உன் வூட்டுக்காரரு உன்னக் கட்டிக்கிட்டாரா, இல்ல கப்பலக் கட்டிக்கிட்டாரா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

போன தடவை லீவில் வந்தபோது தூக்கத்தில் நீங்கள் சொன்னது என் பெயர் இல்லை, அவள் பெயர். நான் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அண்ணன் சூளை மேஸ்திரி ஆகிவிட்டார். "மச்சான் வந்தா சூளையில எடம் இருக்குது" என்கிறார். கப்பலுக்குத் தலை முழுகிவிட்டு வந்து சேருங்கள். பதில் போடவும்.

உங்கள் பாஞ்சாலை


பம்பாய்
2.4.71

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நலமாக இருக்கிறேன். தொண்டை சரியாகிவிட்டது. நீயும் மச்சானும் சுகமாக இருக்கக் கேட்டு சந்தோஷம்.

இரும்புத் தகட்டின் மேல் பொறாமைப்படுகிற பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் செராங் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். செராங் என்றால் எங்கள் மேஸ்திரி.

மேனகா மேல் எனக்கு மரியாதை. அதை ஒளிக்கப் போவதில்லை. அறுபத்தைந்து சண்டையில் நான் புது ஆள். விமானத்துக்கு ஊற்றுகிற பெட்ரோலை வயிறு நிறைய வைத்துக்கொண்டு, ஒரு விளக்கு இல்லாமல், பீடிகூடப் பற்ற வைக்காமல், பம்பாயிலிருந்து வடக்கே போய்வந்தோம். திரும்பத் திரும்பப் போனோம். ஒரு பொறி விழுந்தால் சாம்பல்கூட மிஞ்சாது. கூடவந்த கப்பல்கள் பாதியில் திரும்பின. இவள் திரும்பவில்லை. என்னைப் பத்திரமாகக் கரையில் இறக்கிவிட்டதால்தான் நான் உன் கழுத்தில் தாலி கட்ட முடிந்தது. அதற்காவது அவளைத் திட்டாதே.

சூளை வேலை எனக்குச் சரிப்படாது. நெருப்பைக் கண்டாலே என் கை வாளி மணலைத் தேடுகிறது. போன லீவில் ஆராயி புருஷன் வாயிலிருந்த பீடியை நான் பிடுங்கிப் போட்டது மறந்துவிட்டதா?

இப்போது என் கூட பம்பு வேலைக்குப் பக்கிரி என்று ஒரு தம்பி வந்திருக்கிறான். கடலூர் முதுநகர்க்காரன். தங்கமான பையன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கராசு


விருத்தாசலம்
10.5.71

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். உங்கள் சுகம் தெரிவிக்கவும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மணிமுத்தாற்றில் மணல்தான் ஓடுகிறது.

மரியாதையாம் மரியாதை. எனக்குத் தாலி கட்ட நேர்ந்ததுகூட அவள் தயவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினேன்.

கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் மேனகா மேல் பிராது கட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள். நிலத்தைப் பிடுங்கினவன் மேல், புருஷனைப் பிடுங்கினவள் மேல், கோர்ட்டில் கொடுக்கிற மாதிரி ஜனங்கள் அங்கே எழுதிக் கட்டுகிறார்கள். எழுதிக் கொடுக்கிறவர், "யாரு மேலம்மா பிராது?" என்று கேட்டார். "மேனகா மேல" என்றேன். "எந்த ஊரு பொம்பள?" என்றார். "பம்பாயிங்க. பொம்பள இல்ல, கப்பலு" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமிக்குக் கப்பலு என்னா, சைக்கிளு என்னா, எழுதுங்க" என்றேன். எழுதிவிட்டார். 'என் புருஷனை என்னிடமிருந்து பிரித்து வைத்திருக்கும் மேனகா என்பவளை சாமி விசாரித்து, அவளை அவரிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.' பூசை பண்ணி முனியப்பர் சந்நிதியில் கட்டியாகிவிட்டது.

மூன்று நாளில், இல்லாவிட்டால் மூன்று வாரத்தில், அதுவும் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் தீர்ப்பு ஆகும் என்றார்கள். காரியம் முடிந்ததும் போய் ராஜினாமா கொடுத்து பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மறந்தால் பொல்லாப்பு. நான் மறக்கிற ஆளா?

உங்கள் பாஞ்சாலை


கொச்சி
20.6.71

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நலம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சாமிக்கே வேலை வைக்கிறவளுக்கு என்ன குறை?

உன் கடிதத்தைப் பக்கிரிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன், அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அது பேசற சாமிண்ணே. எங்க பக்கத்துலேருந்தெல்லாம் போயி கட்டுவாங்க. அண்ணிய மொதல்ல வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது செராங்குக்கும் தெரிந்துவிட்டது. பம்பு கொஞ்சம் முனகினால்கூட உன் பிராதைத்தான் சொல்கிறார்கள்.

உன் வழக்கு ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள். ஆகஸ்ட் முதல் வாரம் லீவில் வருகிறேன். என் இடத்தைப் பக்கிரி பார்த்துக்கொள்வான். அவனுக்குப் போன தை மாதம்தான் கல்யாணம் ஆனது. மனைவி பெயர் கமலம், முழுகாமல் இருக்கிறாளாம். பிரசவத்துக்கு முன்னால் நான் திரும்பி வந்து அவனை அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாள் பார்த்து எனக்குக் கடிதம் போடுவான்.

நான் வந்து இறங்கிய அன்றே ராஜினாமாவைக் கொடுத்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கராசு


பம்பாய்
14.11.71

அன்புள்ள தங்கராசு அண்ணனுக்கு,

தம்பி பக்கிரியின் வணக்கம். நான் சுகம். லீவில் உடம்பு தேறியிருப்பீர்கள். அண்ணியையும் கேட்டதாகச் சொல்லவும்.

சொன்னபடி கடிதம் போட்டுவிட்டேன் அண்ணே. இங்கே எல்லாம் மாறிவிட்டது. மேனகாவுக்குச் சாம்பல் நிறத்தில் சாயம் அடித்துவிட்டார்கள். பெயரைக்கூட அழித்துவிட்டோம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. சண்டை வந்துவிடும் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அறுபத்தைந்தில் போன வழிதான் என்கிறார் செராங். மேற்கொண்டு எழுதக் கூடாதாம்.

கமலத்துக்கு மார்கழியில் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அம்மா இல்லை, என் அம்மாவுக்குக் கண் தெரியாது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் நீங்கள் வந்துவிட்டால் நான் இறங்கிவிடுவேன். செராங் சம்மதித்துவிட்டார். வர முடியாமல் போனால் உடனே ஒரு வரி எழுதுங்கள், அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று கமலத்துக்கு எழுதிவிட்டேன்.

அண்ணி பிராதை வாங்கிவிட்டார்களா? நம் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தம்பி பக்கிரி


விருத்தாசலம்
19.11.71

தம்பி பக்கிரிக்கு,

உன் அண்ணி பாஞ்சாலை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ சுகம் என்று அறிந்தேன்.

இங்கே அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. கடுமையான ஜுரம். குளிர் தூக்கிப் போடுகிறது, தலை தூக்க முடியவில்லை. எழுதுகிற நிலையில் இல்லாததால் நான் எழுதுகிறேன். ஒரு மாதத்துக்கு எங்கேயும் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு பயணம் மட்டும் நீயே பார்த்துக்கொள்ளும்படி அண்ணன் சொல்லச் சொன்னார்.

கமலத்தை நினைத்துக் கவலைப்படாதே. தலைச்சன் பிள்ளை எப்போதும் சொன்ன தேதிக்குத் தள்ளித்தான் பிறக்கும். நீ போய் வந்துவிடலாம். பிராதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வருகிற திங்கட்கிழமை கோயிலுக்குப் போகிறேன்.

அண்ணனுக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். ஜுரத்தோடு படித்து மனசை அலட்டிக்கொள்வார். போடுவதானால் என் பெயருக்கே போடு.

பாஞ்சாலை


பம்பாய்
28.11.71

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

பக்கிரியின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் மனசு கேட்கவில்லை. அண்ணன் படுத்து நான் பார்த்ததே இல்லை.

நான் இருந்துவிடுகிறேன் அண்ணி, அண்ணனைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். கப்பல் மருந்துப் பெட்டியில் கேட்டுக் கொய்னா மாத்திரை வாங்கித் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், காது அடைக்கும். நல்ல கஞ்சியாக வைத்துக் கொடுங்கள்.

கமலத்துக்கும் எழுதிவிட்டேன். அண்ணனுக்கு ஜுரம், அதனால் ஒரு பயணம் தள்ளி வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று. புரிந்துகொள்வாள்.

இன்னும் சில நாளில் கிளம்புகிறோம். எங்கே என்று எழுதக் கூடாது.

தம்பி பக்கிரி


கடலூர் முதுநகர்
22.12.71

பாஞ்சாலைக்கு,

டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினது தப்புதான். பேப்பரில் நாலு வரிதான் போட்டிருந்தது. எண்ணெய்க் கப்பல் மேனகா தாக்கப்பட்டு மூழ்கியது, பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

நேற்று சமையல்காரர் விருத்தகிரி இங்கே வந்தார். தப்பினவர்களில் அவர் ஒருவர். கை இரண்டிலும் கட்டு. அவர் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. வயிறு நிறைய பெட்ரோலோடு, விளக்கு இல்லாமல், வடக்கே போயிருக்கிறார்கள். முதல் அடி பின்பக்கம் விழுந்ததாம். உடனே எல்லாரும் படகை இறக்க ஓடினார்களாம். பக்கிரி மட்டும் கீழே பம்பு அறைக்கு ஓடியிருக்கிறான். "வால்வ மூடிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினானாம். அதை மூடினதால்தான் தீ முன்பக்கம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அந்த நேரத்தில்தான் ஒரு படகு இறங்கியது. அப்புறம் கடலே எரிந்தது என்றார். அந்த வால்வு என்னுடைய வேலை. அதை அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

கமலம் நிறைமாதம். அழவில்லை. அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வாசலில் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாள். அதை இப்போது எழுத எனக்கு மனம் வரவில்லை.

பக்கிரி எழுதுவான், எழுதுவான் என்று நவம்பர் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் "எழுதுவாரு, அவசரம் என்னா" என்றாய். கோயிலுக்குப் போகச் சொன்னபோது அடுத்த திங்கட்கிழமை என்றாய். போனாயா?

பிரசவம் முடியும்வரை இங்கே இருக்கிறேன்.

தங்கராசு


விருத்தாசலம்
20.1.72

மாமாவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பக்கிரிக்காக நானும் அழுதேன். அழவில்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவள் பிள்ளை பெற்று நாள் ஆகிவிட்டது என்று கடலூருக்குப் போய்வந்த ஆராயி சொல்கிறாள். இன்னும் அங்கே உங்களுக்கு என்ன வேலை? விறகு பிளந்து போடுகிறீர்களாம். தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் தூக்குகிறீர்களாம். மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறீர்களா? பெண்களோடு பெண்ணாகக் குழாயடியில் நின்று, இன்னொருத்தி வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிறீர்கள்.

எனக்கு எரிகிறது மாமா. ஒளிக்கப் போவதில்லை. மேனகா இருந்தவரைக்கும் அவளை நினைத்து எரிந்தேன். அவளாவது இரும்பு. இவளுக்கு வயது இருபது என்கிறார்கள். அவள் மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வாசலில் உங்கள் செருப்பு கிடக்கும் என்று நினைத்தால் கையிலிருக்கும் பொம்மையை நசுக்கிவிடுகிறேன். நேற்று முழுத் தட்டும் வீணாகிவிட்டது.

ஒன்றாம் தேதிக்குள் நீங்கள் வராவிட்டால் சூளை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன்? உங்களைக் கரையில் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. வந்துவிடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பாஞ்சாலை


கடலூர் முதுநகர்
29.1.72

பாஞ்சாலைக்கு,

நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நான் இங்கே வந்து வாசலில் நின்ற அன்றைக்குக் கமலம் கேட்டது இதுதான். "வாங்கண்ணே. ஜுரம் வுட்டுடுச்சா?"

என்ன ஜுரம் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையில் பக்கிரி எழுதிய கடைசிக் கடிதம் இருந்தது. கண் தெரியாத அந்த அம்மா உள்ளேயிருந்து, "பாவம், ஒடம்பு முடியாத புள்ள அவ்வளவு தூரத்துலேருந்து வந்துருக்குது, உக்காரச் சொல்லு" என்றார்கள். "வுட்டுடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். குடித்தேன். ஒரு மாதமாக இந்த வீட்டில் ஜுரத்திலிருந்து எழுந்த ஆளாக இருக்கிறேன். தண்ணீர் தூக்கினால் "ஒடம்பு தாங்குமாண்ணே" என்று கேட்கிறாள். எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாயே, இதுதான்.

நீ ஏன் செய்தாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் எனக்காக என்பாய். அதைக் கேட்டுக்கொண்டு உன் கையால் சாப்பிட இப்போது என்னால் முடியாது. பக்கிரி எனக்கு எழுதிய கடிதம் என் கைக்கு வந்திருந்தால் நான் போயிருப்பேன். போயிருந்தால் செத்திருப்பேன். நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் உன்னைத் திட்டவும் முடியவில்லை.

இவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சூளை வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல். நாளை பம்பாய்க்கு ரயில் ஏறுகிறேன். எந்தக் கப்பல் கிடைக்கிறதோ அதில் போவேன். எப்போது வருவேன் என்று தெரியாது. வேளைக்குச் சாப்பிடு.

தங்கராசு


கடலூர் முதுநகர்
6.3.72

அன்புள்ள பாஞ்சாலை அண்ணிக்கு,

நீங்கள் பார்த்திராத கமலம் எழுதுவது. நானும் குழந்தையும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். ஆண் குழந்தை. இவர் சாயல்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என் பிரசவத்துக்குக் கூட இருக்க உங்கள் புருஷனை அனுப்பி வைத்தீர்கள். இன்னொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாளா? வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பாள். அண்ணன் பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு படுத்துக்கொண்டு, விடிந்ததும் வந்து விறகு, தண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். அதிகம் பேச மாட்டார். வேலையில் சேர வேண்டும் என்று கிளம்பினார். சூளையில் சேர்ந்துவிட்டார் அல்லவா? இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் அவரைக் கப்பலுக்கு விட்டுவிடாதீர்கள் அண்ணி. காலைப் பிடித்துக்கொண்டாவது நிறுத்தி வையுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. போய்வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன்.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை அத்தையிடம் சொல்ல முடியாது, வேறு யாரும் எனக்கு இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்கள் தாலியைப் பார்த்து இல்லை, சாமி சத்தியமாக இல்லை. நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பொறாமை அண்ணனுக்கு வந்த அந்த ஜுரத்தின் மேல். இவருக்கு ஒரு நாள் தலைவலி என்று வந்தது கிடையாது. இரும்பு உடம்பு என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். இப்போது பிள்ளைக்குப் பால் கொடுக்கிறபோதெல்லாம் அதே நினைப்பாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த ஜுரம் ஒரு வாரத்துக்கு இவருக்கு வந்திருக்கக் கூடாதா? எந்தச் சாமியைக் கும்பிட்டால் அப்படி ஒரு ஜுரம் வரும்? நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டீர்கள் அண்ணி?

இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் பதில் போடுங்கள்.

உங்கள் கமலம்